பூட்டச் சொன்னது யார்?

அத்தியாயம் 11

போன வாரம் நாகஜோதியை அவளுடைய நாற்காலியோடு லிஃப்ட் பக்கத்தில் விட்டுவிட்டு வந்தோம். ஐ.டி. டிபார்ட்மென்டுக்குப் புதிதாக வந்திருக்கும் மேனேஜர் ஆனந்த்ராஜ், வெள்ளைப் பலகையில் கட்டம் கட்டமாகப் போட்டு, சாஃப்ட்வேருக்கு ஒரு கட்டம், நெட்வொர்க்குக்கு ஒரு கட்டம், ஹெல்ப் டெஸ்குக்கு ஒரு கட்டம் என்று எல்லோரையும் குடிவைத்துவிட்டு, இவள் பெயரை மட்டும் வெளியே எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். இவள் யாருடைய ஆள் என்று அவர் கேட்டதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

திறந்தால் என்னதான் சொல்வார்கள்? அவள் டெக்னிகல் ரைட்டர். திண்டுக்கல்லைச் சுற்றி மூன்று யூனிட் வைத்திருக்கும் அந்த நூல் மில்லில், கம்ப்யூட்டரிலும் டேப்லெட்டிலும் தமிழில் வருகிற அத்தனை வரியும் அவள் எழுதியது. பாஸ்வேர்டு மறந்தால் எங்கே அழுத்துவது, லீவு எப்படிப் போடுவது, மெஷினில் பஞ்சு அடைத்துக்கொண்டால் முதலில் எதைச் செய்வது, எல்லாம் அவள் சொன்னால்தான் உண்டு. ஆனால் புரோகிராம் எழுதத் தெரியாதவள் எங்கள் ஆள் இல்லை என்பார்கள் சாஃப்ட்வேர்காரர்கள். போன் எடுக்காதவள் எங்கள் ஆள் இல்லை என்பார்கள் ஹெல்ப் டெஸ்கில். மெஷின் பாதுகாப்பைப் பார்க்கிறவர்களோ, அவள் ஐ.டி. ஆயிற்றே என்று கையை விரிப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் நாற்காலி ஆபீஸ் முழுக்க ஊர் சுற்றியதுதான் மிச்சம்.

வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? சொந்தக்காரர்கள் கேட்டால் மருமகள் டைப்பிங் வேலை பார்ப்பதாக மாமியார் பொன்னழகு சொல்லிவிடுவாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

திங்கட்கிழமை காலை நாகஜோதி தோளிலிருந்து பையை இறக்கக்கூட இல்லை, பொன்னழகுதான் போன் பண்ணினாள். எப்போதும் சாப்பிட்டாயா என்று ஆரம்பிக்கிறவள். இன்றைக்கு அது இல்லை.

"ஜோதி, முகேஷு கைய மெஷினு இழுத்துருச்சாம் தாயி. திண்டுக்கல்லுக்குத்தேன் தூக்கிட்டு வாராக. ஓடியா."

முகேஷ்குமார் அவளுடைய கொழுந்தன். அகரம் பக்கத்து யூனிட்டில் ஃபிட்டர். நாகஜோதி லேப்டாப் பையோடு அப்படியே படியில் இறங்கி ஓடினாள். லிஃப்ட் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறோம் என்பதுகூட அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

*

ஆஸ்பத்திரி வராந்தாவில் பொன்னழகு பெஞ்சில் உட்காராமல் தரையில் உட்கார்ந்திருந்தாள். புடவை முந்தானையில், மகனை வேனிலிருந்து இறக்கும்போது பட்ட ரத்தக்கறை. ஷிப்ட் சூப்பர்வைசர் மலைச்சாமி டேப்லெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவரோரம் நின்றார். முகேஷைத் தன் மடியில் போட்டு வேனில் கொண்டுவந்தவர் அவர்தான். சட்டையெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது.

வலது கையில் இரண்டு விரல் நசுங்கியிருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். ஆபரேஷன் பண்ணிப் பார்த்தால்தான் விரல் தங்குமா என்று தெரியும்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் இளஞ்செழியன், நாகஜோதியின் கணவன், தகவல் தெரிந்ததுமே பஸ் ஏறிவிட்டான். தம்பி என்றால் அவனுக்கு உயிர். வழியெல்லாம் போன் பண்ணிக்கொண்டே வந்தான்.

என்ன நடந்தது என்று மலைச்சாமி சொன்னார். பஞ்சு பிரிக்கிற மெஷின் அடைத்துக்கொண்டது. முகேஷ் போய் சுவிட்சை அணைத்தான். வழக்கம்போல் மோட்டாரிலிருந்து பெல்ட்டைக் கழற்றிப் போட்டான். பெல்ட் இல்லையென்றால் யார் சுவிட்ச் போட்டாலும் மெஷின் சுற்றாது, ஃபிட்டர்களுக்கு அதுதான் காவல். அப்புறம் டேப்லெட்டைப் பார்த்தான். பார்த்துவிட்டு, கழற்றிய பெல்ட்டைத் திரும்ப எடுத்து மாட்டிவிட்டு, மூடியைத் திறந்து கையை விட்டான். அந்தப் பக்கம் நின்ற ஆளுக்கு இது எதுவும் தெரியாது. மெஷின் சும்மா நிற்கிறதே என்று சுவிட்சைப் போட்டுவிட்டான்.

"விவரமான பயம்மா. அவன் எதுக்கு அப்படிப் பண்ணுனான்னே புரியல," என்றார் மலைச்சாமி. சாயங்காலம் தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறாராம். அதற்குள் ரிப்போர்ட் கேட்கிறார்களாம். கவனக்குறைவு என்று எழுதச் சொல்லி ஹெட் ஆபீஸிலிருந்து ஏற்கெனவே ஒருமுறை பேசிவிட்டார்களாம்.

பொன்னழகு நிமிர்ந்து பார்த்தாள். தன் மகன் கவனமில்லாதவன் என்று ஊரில் எவனும் சொன்னதில்லை என்றாள். எவனோ ஒருத்தன் சொல்லித்தான் அவன் செய்திருப்பான், அவன் யார் என்று தெரிந்தால் போதும், பிறகு தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே மருமகளின் முழங்காலில் சாய்ந்துகொண்டாள்.

மலைச்சாமி சொன்னதில் ஒரு சொல் நாகஜோதியின் மனசில் மாட்டிக்கொண்டது. டேப்லெட்டைப் பார்த்தானாம். டேப்லெட்டில் இருந்தது அவள் எழுதியதல்லவா? ஆனால் பெல்ட்டைப் பற்றி அவள் ஒரு வரியும் எழுதவில்லையே. எழுதவே இல்லை, எழுதவே இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒருத்தர் மட்டும் பார்க்கலாம் என்று நர்ஸ் வந்து சொன்னாள். தான் போனால் அழுதுவிடுவேன், நீ போ என்று பொன்னழகு மருமகளைத் தள்ளினாள்.

*

முகேஷின் முகம் வெளுத்திருந்தது. கையில் பெரிய கட்டு. அவளைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"மதினி, டேப்லெட்டுல இருந்தபடிதேன் செஞ்சேன். எங்க தப்பு விட்டேன்னு தெரியல."

"பெல்ட்ட எதுக்குப்பா திரும்ப மாட்டுன?"

"நா கழட்டித்தேன் வச்சிருந்தேன். ரெண்டாவதா, மெஷினப் பூட்டவும்னு இருந்துச்சு. சரி, இந்தப் புது மெஷினுக்குப் பூட்டித்தேன் திறக்கணும் போலனு பூட்டுனேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "வேற யாரும் எழுதிருந்தா யோசிச்சிருப்பேன். நீங்க எழுதுனதுனு எனக்குத் தெரியும்ல மதினி. அதேன்."

போன பொங்கலுக்கு அவளே அவனிடம் பெருமையாகச் சொன்னதுதான் அது. சொன்னால் கேலி பண்ணுவார்கள் என்று அவன் மில்லில் யாரிடமும் மூச்சு விடவில்லை. மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, மதினி சொன்னதை அப்படியே செய்திருக்கிறான்.

நர்ஸ் வந்து வெளியே போகச் சொன்னாள். அவள் எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

பூட்டவும்.

நாகஜோதி பிறந்து வளர்ந்தது திண்டுக்கல் டவுனுக்குள். அவள் தெருவில் நான்கு வீட்டுக்கு ஒரு பூட்டுப் பட்டறை. அவளுக்குப் பூட்டுவது என்றால் பூட்டுப் போட்டுச் சாவியை எடுப்பதுதான், வேறு அர்த்தமே கிடையாது. சுவிட்சை அணைத்து, வேறு யாரும் போடாதபடி அந்தச் சுவிட்சுக்கே ஒரு பூட்டைப் போட்டு வைக்க வேண்டும். அதைத்தான் அவள் 'மெஷினைப் பூட்டவும்' என்று சுருக்கமாக எழுதிவிட்டு, வரி சின்னதாக அமைந்ததே என்று சந்தோஷமும் பட்டுக்கொண்டாள்.

ஆனால் முகேஷைப்போல் அகரத்து விவசாய வீட்டில் பிறந்தவனுக்கு? மாடு பூட்டுகிறான். ஏர் பூட்டுகிறான். பம்புசெட்டுக்குப் பெல்ட் பூட்டுகிறான். பிரிந்து கிடப்பதைச் சேர்த்து ஓடவைத்தால் அவனுக்கு அது பூட்டுவது. கல்யாணமாகிப் போன நாளிலிருந்து மாமியார் வாயிலிருந்து இந்தச் சொல்லை எத்தனை முறை கேட்டிருப்பாள்! கேட்ட காது எழுதும்போது எங்கே போனது?

யாராவது ஒருத்தர் வாசித்திருந்தால் அங்கேயே பிடித்திருப்பார்கள். வெளியிடும் முன் எல்லோருக்கும் அனுப்பத்தான் செய்தாள். சாஃப்ட்வேரிலிருந்து எங்கள் தரப்பில் ஓ.கே. என்று வந்தது. ஹெல்ப் டெஸ்கிலிருந்தும் ஓ.கே. என்றே வந்தது. பாதுகாப்புப் பிரிவிலிருந்து இது ஐ.டி. விஷயம், உங்கள் மேனேஜரைக் கேளுங்கள் என்று பதில். அவளுக்கு எந்த மேனேஜர்? யாருக்கும் சொந்தமில்லாதவள் எழுதியதை யாரும் தன் வேலையாக நினைத்து வாசிக்கவில்லை. சரி, அது அவர்கள் குற்றம். ஃபிட்டர்கள் நாலு பேரை உட்காரவைத்து அவளே வாசித்துக் காட்டியிருக்கலாமே, அது யார் குற்றம்?

அவள் பெஞ்சுக்குத் திரும்பாமல் வராந்தாவின் கோடிக்கு நடந்தாள்.

*

ஆனந்த்ராஜ் போன் பண்ணினார். குரல் வெல்லம்போல் இருந்தது. அவளை நீங்க என்று இதுவரை ஒருநாளும் சொல்லாத மனிதர், இன்றைக்குச் சொன்னார்.

அந்த இரண்டாவது வரியை அவரும் பார்த்துவிட்டார். அவர் பெற்றோர் நிலக்கோட்டைப் பக்கம் விவசாயம் பார்த்தவர்கள், அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டதாம். சத்தமில்லாமல் அதை மாற்றிவிட வேண்டும், சுவிட்சில் பூட்டுப் போடவும் என்று ஆரம்பத்திலிருந்தே இருந்த மாதிரி இருக்க வேண்டும், ஆய்வாளர் வந்து பார்க்கும்போது அதைத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

"அப்ப அடிபட்டவரு?" என்று கேட்டாள்.

"வாசிக்காம செஞ்சிட்டார்னு ரிப்போர்ட் போகும். எல்லா மில்லுலயும் நடக்குறதுதான்."

"அவரு என் கொழுந்தன் சார்."

"அப்ப நல்லதாப் போச்சு," என்றார். "வீட்டுக்குள்ளயே பேசி முடிச்சிக்கலாம். நாகஜோதி, காலையிலதான் சார்ட்டைத் திருத்தினேன். உங்களுக்குத் தனிக் கட்டம். எனக்கு நேர் கீழ. உங்களுக்குக் கீழ ரெண்டு பேர் வருவாங்க."

"நான் மாத்தலைன்னா?"

"அப்ப நீங்க யாரு ஆளுன்னு கேட்டா, எனக்கும் தெரியாதுன்னுதான் நான் சொல்ல வேண்டியிருக்கும்."

போனை வைத்துவிட்டார்.

மறைப்பானேன், நாகஜோதிக்கு ஆசை வந்தது. பயந்துபோன மனசுக்கு ஒளிய ஒரு இடம் காட்டினால் அது ஓடத்தான் பார்க்கும். அந்தக் கட்டத்துக்காக எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறாள்! திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். தரையில் இருந்த பொன்னழகு மறுபடி அவள் முழங்காலில் சாய்ந்துகொண்டாள். நாகஜோதி லேப்டாப்பைத் திறந்தாள். ஒரு வரிதானே. மாற்றிவிட்டால் வேலை இருக்கும், மாமியார் முகத்தில் விழிக்கலாம், புருஷனிடம் எதுவும் சொல்ல வேண்டாம். முகேஷ் மட்டும் தன் கவனக்குறைவால்தான் விரல் நசுங்கியது என்று நம்பிக்கொண்டு காலத்தை ஓட்டுவான். அவனும் மதினியைக் காட்டிக்கொடுக்க மாட்டான். அதை நினைத்ததும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

மாற்றாமலும் விட முடியாது. மூன்று யூனிட்டிலும் டேப்லெட் இருக்கிறது, எல்லாவற்றிலும் அதே வரி.

அப்போதுதான் தாஹிரா போன் பண்ணினாள். ஹெல்ப் டெஸ்கில் இருக்கிற பேகம்பூர்ப் பெண். அந்த ஆபீஸில் நாகஜோதியை அக்கா என்று கூப்பிடுகிற ஒரே ஆள். முகேஷ் எப்படி இருக்கிறான் என்று கேட்டு, அவனுக்காகத் தான் துஆ செய்துகொண்டிருப்பதாகச் சொன்னாள். பிறகு போகிற போக்கில், ஆத்தூர் ரோட்டு யூனிட்டிலும் இப்போது அதே மாதிரி மெஷின் அடைத்திருப்பதாகப் புகார் வந்திருக்கிறது, ஃபிட்டர் மெஷினிடம் போய்விட்டார், இன்றைக்கு என்ன நாளோ என்றாள்.

நாகஜோதி அவளை மேலே பேச விடவில்லை.

"தாஹிரா, அவர நிறுத்து. மெஷின்ல கை வைக்க வேணாம்னு உடனே சொல்லு."

"மெஷின் சத்தத்துல உள்ள யாரும் போன எடுக்க மாட்டாங்களேக்கா. எடுத்தாலும் யாரு சொன்னதுன்னு கேப்பாங்க."

"நான் சொன்னேன்னு சொல்லு."

தாஹிரா தயங்கினாள். "உங்கள அங்க யாருக்கும் தெரியாதேக்கா," என்றாள். குத்திக்காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. உண்மை அதுதான்.

வெறுமனே வரியை மாற்றினால் டேப்லெட்டை மறுபடி திறந்து பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். ஏற்கெனவே வாசித்துவிட்டுப் போனவனுக்குத் தெரியாது. எல்லா டேப்லெட்டிலும் ஒரே நேரத்தில் அலறுகிற அவசர அறிவிப்பு ஒன்று உண்டு. அனுப்புகிற வசதி அவளிடம் இருந்தது. அதில் சத்தமில்லாமல் எதையும் செய்ய முடியாது.

தப்பும் தவறுமாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தாள். பாதி அடிக்கும்போது ஆனந்த்ராஜ் திரும்பவும் கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை.

கடைசியில் பெயர் போட வேண்டிய இடம் வந்தது. அவள் எழுதிய எதிலும் இதுவரை அவள் பெயர் இருந்ததில்லை. போட்டாள். எந்தப் பிரிவு என்று கேட்டது. ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, ஐ.டி. டிபார்ட்மென்ட் என்று தானே போட்டு, அனுப்பிவிட்டாள்.

*

மலைச்சாமியின் கக்கத்திலிருந்த டேப்லெட் அலறியது. வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டாத குறையாக, உரக்க வாசித்தார். எதையும் உரக்க வாசித்தால்தான் அவருக்கு மண்டையில் ஏறும்.

"நிறுத்துங்கள். யாரும் மெஷினுக்குள் கை விடாதீர்கள். மெஷினைப் பூட்டவும் என்று இதுவரை இருந்த வரி தவறு. பெல்ட்டைப் பூட்டாதீர்கள், கழற்றியே வையுங்கள். மெயின் சுவிட்சை அணைத்து, அந்தச் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று காலை அடிபட்ட முகேஷ்குமார் மேல் எந்தத் தவறும் இல்லை. அவர் டேப்லெட்டில் இருந்தபடி செய்தார். அதைத் தவறாக எழுதியவள் நான்."

மலைச்சாமி திரையை அடிவரைக்கும் தள்ளிப் பார்த்தார். "யாரோ பொம்பளப்பிள்ளதேன் எழுதிருக்கு," என்றார் பிறகு. "ஹெட் ஆபீஸு. நாகஜோதின்னு போட்டிருக்கு."

அவருக்கு நாகஜோதியை முகேஷின் மதினி என்றுதான் தெரியும். பேர் தெரியாது.

நாகஜோதியின் போனில் தாஹிராவிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது. ஃபிட்டர் நின்றுவிட்டாராம். பெல்ட்டைப் பூட்டிவிட்டு மூடியில் கை வைத்திருந்தாராம். அதை வாசித்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நிம்மதியா, பயமா என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

"எந்த நாகஜோதி?" என்று பொன்னழகு கேட்டாள். கேட்டது மலைச்சாமியிடம். பார்த்தது மருமகளை.

"நாந்தேன் அத்த."

பொன்னழகு அவள் முழங்காலில் சாய்ந்திருந்தவள் விலகி உட்கார்ந்தாள். ஓர் அடி அடித்திருந்தால்கூட நாகஜோதிக்குத் தேவலை என்று இருந்திருக்கும். பொன்னழகு அடிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. ஆபரேஷன் அறையின் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலைச்சாமி எங்கே போவது என்று தெரியாமல் டேப்லெட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு பொன்னழகு சொன்னாள்:

"செழியனுக்குப் போனப் போடு. இங்கன எம்பக்கத்துல உக்காந்து போடு. அவங்கிட்ட நீ சொல்றத நானும் கேக்கணும்."

நாகஜோதி தரையில் உட்கார்ந்தாள். எண்ணைத் தொட்டாள். ஸ்பீக்கரில் போடு என்று பொன்னழகு சைகை காட்டினாள். முதல் மணியிலேயே இளஞ்செழியன் எடுத்துவிட்டான்.

"ஜோதி, ஒட்டன்சத்திரம் தாண்டிட்டேன். தம்பிய உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களா? அம்மா எப்படி இருக்கு?" அவள் பதிலுக்குக்கூட அவன் காத்திருக்கவில்லை. "பெல்ட்டப் பூட்டுன்னு அவனுக்குச் சொன்னது எவன்னு விசாரிச்சியா? மலைச்சாமி அண்ணனக் கேளு. எவனா இருந்தாலும் நான் சும்மா விடமாட்டேன் ஜோதி."

"விசாரிச்சிட்டேங்க," என்றாள் அவள். "நாந்தேன்."

மறுமுனையில் பஸ் ஓடுகிற இரைச்சல் மட்டும் கேட்டது. பொன்னழகும் மருமகளும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் இணைப்பைத் துண்டிக்கவில்லை. பேசவும் இல்லை.